ஐந்தாம் லயத்து அமெரிக்கா

அமெரிக்கா இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் முறை 1492-இல். கண்டுபிடித்தவர் கொலம்பஸ் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. இரண்டாம் முறை 1955-இல், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால். பாடப்புத்தகங்கள் இதை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்திருக்க வேண்டும். முதல் கண்டுபிடிப்பில் குறைகள் அதிகம். மாலுமிகள் முணுமுணுத்தார்கள், கப்பலொன்று தரைதட்டியது, தேடிப் போன நாடு ஒன்று, போய்ச் சேர்ந்த நாடு வேறொன்று. இரண்டாவதில் அப்படி ஒரு தடுமாற்றமும் இல்லை. எல்லாம் கூட்டம் போட்டு, தலைமையுரை, நன்றியுரையோடு நடந்தது.

அப்போது நான் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு நீளும் கூட்டங்களில் யாராவது மயங்கி விழுவது வழக்கம் என்பதால் எல்லாக் கூட்டத்துக்கும் என்னையும் அழைப்பார்கள். ஆகவே நேரில் கண்டதையே எழுதுகிறேன்.

கம்பெனியின் சார்பில் தோட்டத்தைப் பார்வையிட வருபவருக்கு 'வி.ஏ.' என்று பெயர். அந்த இரண்டெழுத்தின் விரிவு எங்களில் பலருக்குத் தெரியாது. அவர் வரும் வாரத்தில் ரோட்டோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு பூச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு வி.ஏ. தன் மனைவியோடு வருவதாகத் தகவல் வந்தது. கற்கள் மட்டும் போதாது என்று எங்கள் தோட்டத்து மானேஜர் பெல்லமி துரை நினைத்தார்.

பெல்லமி துரை மலைநாட்டுக்கு வந்து நீண்டகாலம் ஆகியிருந்தது. நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் கற்ற தமிழில் ஏவல் வினைகள் மட்டுமே இருந்தன. 'வா', 'போ', 'வெட்டு', 'நிறுத்து'. இலக்கணத்தின் மற்றப் பகுதிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் பரமலிங்கம் மாஸ்டரைக் கூப்பிட்டு, "டிராமா போடு" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாஸ்டர் நிறையப் படித்தவர். மறுநாளே டிஸ்பென்சரிக்கு வந்து, "கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிச்சதை நாடகமாப் போடப் போறன். தங்கட முன்னோரை மேடையில கண்டால் துரைமார் சந்தோசப்படுவினம்" என்றார்.

"கொலம்பஸ் இங்கிலீஷ்காரர் இல்லையே மாஸ்டர்?"

"தொப்பி போட்டால் எல்லாரும் ஒண்டுதான்."

தொப்பியை வைத்தே கொலம்பஸும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தோட்டத்தில் தொப்பி, அரைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை மூன்றும் உள்ள கறுத்த மனிதர் ஒருவர்தான்: மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மகாலிங்கம். தினமும் காலையில் ஓரிடத்துக்குப் போய் இறங்கி, அங்கிருப்பவர்களை எண்ணி, அவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு செய்வது அவருடைய உத்தியோகம். எனவே அவருக்கு ஒத்திகை அதிகம் தேவைப்படவில்லை.

அமெரிக்க மக்களைத் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சுலபம். கொலம்பஸ் தான் கண்ட மக்களை இந்தியர் என்று எழுதி வைத்தார். பிழை என்று தெரிந்த பிறகும் யாரும் அதைத் திருத்த மெனக்கெடவில்லை. மஞ்சக்கல் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களையும் அரசாங்கக் காகிதங்களில் அப்படியேதான் எழுதி வைத்திருந்தார்கள். ஐந்தாம் லயத்தார் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்களுடைய அரசனாக, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமி நியமனம் பெற்றார். துரையிடம் மனு கொடுப்பதிலும் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதிலும் அனுபவசாலி.

மேடைதான் பிரச்சினை. அட்லாண்டிக் சமுத்திரமும் அமெரிக்காவும் பக்கம் பக்கமாக வேண்டும் என்றார் மாஸ்டர். ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. அதற்கு அப்பால் பூரணியின் காடு.

காடு என்பது பேச்சுக்கு. முன்னே அது பாறையும் மானாப்புல்லுமாகக் கிடந்த சரிவு. பூரணியின் புருஷன் மாயாண்டி தேயிலைச் செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். கட்டுப்போட்டது நான்தான், கால் நேராகவில்லை. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். பெயரை வெட்டினாலும் பசி மட்டும் தவறாமல் ஆஜர் கொடுத்தது. பூரணி பகலில் கொழுந்து பறித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓடையைத் தாண்டிப் போய்ப் பாறையைப் புரட்டினாள். ஓடை மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினாள். வருடக் கணக்கில் கொட்டினாள். இப்போது அங்கே சோளம், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு. அந்த வீட்டின் பாதிச் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது.

"அவ்வளவும் அமெரிக்கப் பயிர்!" என்று மாஸ்டர் உணர்ச்சிவசப்பட்டார். உண்மைதான். அவையெல்லாம் அமெரிக்கா உலகத்துக்குக் 'கொடுத்தவை'. நான் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவும் அங்கிருந்து வந்த மரத்தின் பட்டைதான். 'கொடுத்தவை' என்பது வரலாற்று ஆசிரியர்களின் சொல்.

பூரணி தயங்கினாள். "கெழங்கு இப்பத்தான் பூ விட்டிருக்கு. நூறு பேரு வந்து மிதிச்சா என்னா ஆகுறது?"

"நா கண்டாக்கு. எனக்குப் பாத்தி தெரியாதா?" என்றார் மகாலிங்கம்.

"வி.ஏ. தொர சிரிச்ச மொகமா இருக்கிற நேரம் பாத்து மாயாண்டிக்கு ஒரு லேசான வேலை கேட்டுப்புடுவோம்" என்றார் செல்லசாமி. அந்தச் சொல்லுக்காகவே அவள் சம்மதித்தாள்.

ஒத்திகை தொடங்கியது.

"கொலம்பஸ் வந்து இறங்கி உங்களைக் கண்டுபிடிக்கிறார்" என்றார் மாஸ்டர்.

"நாங்க எங்கயும் தொலைஞ்சு போகலையே சார்" என்றாள் பூரணி.

"அது உங்களுக்குத் தெரியும். ஸ்பெயினுக்குத் தெரியாது. விழுந்து கும்பிடுங்கோ."

"எதுக்கு சார் கும்பிடணும்?" என்று கேட்டார் செல்லசாமி. "நம்ம எடத்துக்கு வர்றவருதானே மொதல்ல வணக்கம் சொல்லணும்?"

"அவர் வானத்தில இருந்து வந்தவர் எண்டு நீங்கள் நினைச்சிட்டியள். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"யாரு எழுதுனது?"

"கொலம்பஸ்தான்."

"அப்பச் சரி" என்றார் செல்லசாமி. சங்கக் கூட்டங்களில் தனக்குக் கிடைத்த கைதட்டலைப் பற்றிப் பத்திரிகைக்குத் தானே எழுதி அனுப்புபவர் ஆதலால் அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

நாடகத்தின் உச்சம் ஒரு பிரகடனம். கொலம்பஸுக்குச் சில காலம் பிந்தி ஸ்பெயின் அரசவைப் பண்டிதர்கள் எழுதியது. நாடகத்தின் நன்மைக்காக மாஸ்டர் அதை முந்தி வரவழைத்தார். 'இந்த நிலம் எங்கள் அரசருக்கு வழங்கப்பட்டுவிட்டது. இதை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் உங்கள் மேல் போர் தொடுப்போம். உங்கள் மனைவி மக்களை அடிமைகளாக்குவோம். அதனால் வரும் சாவுக்கும் நட்டத்துக்கும் நீங்களே பொறுப்பு, நாங்களல்ல.' இதைத் தாக்கும் முன்பு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மதிப்பவர்கள் வாசித்தார்கள். ஸ்பானிய மொழியில் வாசித்தார்கள். ஊரார் பயந்து ஓடிவிட்ட இடங்களில் மரங்களுக்கு வாசித்தார்கள். கரைக்கு வர வசதிப்படாதபோது கப்பலில் நின்றபடியே வாசித்தார்கள். அடிக்கும் முன் அடிபடப் போகிறவனுக்குக் காரணம் சொல்லும் இந்தப் பெருந்தன்மையை வேறெந்தச் சாம்ராஜ்யத்திலும் நான் படித்ததில்லை.

"இதைக் கண்டாக்கு இங்கிலீஷில வாசிப்பார்" என்றார் மாஸ்டர். "உங்களுக்கு விளங்கக் கூடாது."

"வெளங்காட்டி நாங்க என்னா செய்யணும்?" என்று கேட்டாள் பூரணி.

"சும்மா நிக்க வேணும்."

"அதுக்கு ஒத்திகை வேணாங்க சார்."

நாடக நாள் வெயில் நன்றாக இருந்தது. ஓடைக்கு இக்கரையில், அதாவது ஐரோப்பாவில், வி.ஏ. தம்பதிக்கும் பெல்லமி துரைக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகள் கப்பல்களாயின. மகாலிங்கம் ஏறிய பெட்டி நடு அட்லாண்டிக்கில் அடிவிட்டுப்போக, மீதிச் சமுத்திரத்தை அவர் நடந்தே கடந்தார். கரையேறிய ஈரக்காலோடு நேராகக் கிழங்குப் பாத்தியில் நின்று கொடியை ஊன்றினார்.

கொடி மாஸ்டரின் கைவேலை. ஸ்பெயினின் மஞ்சளும் சிவப்பும் வேண்டும். சாயம் கிடைக்கவில்லை, சமையல் மஞ்சளைக் கரைத்துத் துணியை நனைத்து, நடுவில் குங்குமத்தைக் குழைத்துக் கோடிழுத்திருந்தார். காற்றில் சாயாதபடி கம்பின் அடியில் கற்களை அடுக்கினார்கள். பிரகடனம் வாசிக்கப்பட்டது. அமெரிக்கா சும்மா நின்றது. அரசர் செல்லசாமி ஒரு பாசிமணி மாலையும் முகம் பார்க்கும் கண்ணாடியும் பெற்றுக்கொண்டு மண்டியிட்டார். கண்ணாடியை அவர் பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை.

வி.ஏ. கைதட்டினார். தட்டியபடியே அக்கரையை உற்றுப் பார்த்தார். ஆங்கிலத்தில் அவர் கேட்டதும் பெல்லமி துரை சொன்னதும் பின்னால் நின்ற என் காதில் விழுந்தன.

"நல்ல மண்ணாக இருக்கிறதே. அங்கே ஏன் தேயிலை இல்லை?"

"வரைபடத்தில் அது பாறை, சார்."

"பாறையில் சோளம் விளையுமா, பெல்லமி?"

பெல்லமி துரை அப்போதுதான் அதைப் பார்த்தார். ஓடைக்கு அப்பால் ஒரு நிலம் இருக்கிறது. அதை இதுவரை யாரும் கண்டதில்லை. யாரும் என்றால், யாரும். நாற்காலியை விட்டு எழும்பாமல் ஒரு கண்டத்தைக் கண்டுபிடித்த ஐரோப்பியர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மாயாண்டிக்கு லேசான வேலை கேட்கச் செல்லசாமி இரண்டு முறை முன்னால் போனார். இரண்டு முறையும் துரை, "நில்" என்றார்.

மறுநாள் காலைப் பெரட்டில் உத்தரவு வந்தது. "அஞ்சாம் லயம் பின்னால். வெட்டு. தேயிலை வை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூரணி முன்னால் வந்தாள். "தொரைகளே, அது நா கல்லைப் பொரட்டி உண்டாக்குன காடுங்க. அந்தக் கெழங்கை நம்பித்தான் இருக்கோம்."

"பேசாதே. கொழுந்து எடு."

"பூரணி, இப்ப வாயக் குடுக்காத" என்று காதோரம் சொன்னார் செல்லசாமி. "மனுக் குடுப்போம்."

வெட்டப் போனது கவ்வாத்துக்காரர்கள். அவர்களின் கங்காணி மூக்கன். கவ்வாத்துத் தொடங்கும் முன் மலையில் கல்லை நட்டு, பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய கம்பை ஊன்றி, கத்திகளைப் படைத்துக் கும்பிடுவது தோட்டத்து வழக்கம். அப்படிக் கும்பிட்ட இடத்தில் யாரும் பிறகு கத்தி வைக்க மாட்டார்கள். மூக்கன் நாடக நாளில் லிந்துலைக்குப் போயிருந்தவர். ஓடையைத் தாண்டியதும் கம்பைக் கண்டார். மஞ்சள் மணம் வந்தது. துணியில் குங்குமம். அடியில் கல். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"யாரோ சாமி வச்சிருக்காங்க. கத்தியக் கீழ போடுங்கடா."

"யோவ், அது ஸ்பெயின் கொடி" என்றார் மகாலிங்கம். "நேத்து நான்தான் நட்டேன்."

"நட்டது நீங்க. நட வச்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா ஐயா?"

மகாலிங்கம் அறிவாளி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கொழுந்து மலையிலிருந்து ஓடிவந்த பூரணி ஒரு கணம் கம்பைப் பார்த்தாள், ஒரு கணம் மூக்கனைப் பார்த்தாள். லயத்துக்குப் போய்க் கற்பூரமும் ஒரு பிடி பூவும் கொண்டுவந்தாள். கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடி, உரக்கவே கும்பிட்டாள். "சாமி, நீதான் இந்தக் காட்டைக் காப்பாத்தணும்."

துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "என்னா?"

"சாமிங்க தொர."

"யார் சாமி?"

"இன்னும் தெரியலைங்க. இப்பத்தான் வந்திருக்கு" என்றார் மூக்கன்.

புதிதாக வரும் துரைமாருக்குப் பழைய துரைமார் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் முக்கியமானது, சாமி விஷயத்தில் கை வைக்காதே என்பது. வைத்தால் ஒரு வாரம் மலைக்கு யாரும் வர மாட்டார்கள். துரை கம்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "நிறுத்து" என்றார். வேலை நின்றது.

இந்த இடத்தில் நான் சட்டத்தைப் பாராட்ட வேண்டும். பூரணி ஐந்தாம் லயத்தில் பிறந்தவள். அவளுடைய தாயும் அங்கேயே பிறந்தவள். ஆனால் 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. ஆகையால் அவள் எந்த நாட்டுக்கும் பிரஜையில்லை. அப்படிப்பட்டவள் பெயரில் நிலம் இருக்க வழியுமில்லை. சாமி முந்தின நாள் வந்தது. அதனிடம் யாரும் பாட்டனைப் பற்றிக் கேட்கவில்லை. நிலம் உடனே அதன் பெயருக்குப் போனது.

நிலம் சாமியின் பெயரில் இருந்தாலும் கிழங்கைத் தோண்டப்போவது தான்தான் என்று பூரணி நம்பினாள். அந்த வாரம் முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. டிஸ்பென்சரிக்கு மாயாண்டியின் காலுக்குத் தைலம் வாங்க வந்தவள், "கெழங்கு எடுத்ததும் ஒங்களுக்கும் ரெண்டு கொண்டாறேன் ஐயா" என்றாள்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் 'கொடிமுனி ஆலயத் திருப்பணிச் சபை' உதயமாயிற்று. தலைவர் செல்லசாமி. காரியதரிசி பரமலிங்கம் மாஸ்டர். பொருளாளர் மகாலிங்கம். பெல்லமி துரை போஷகராக இருக்கச் சம்மதித்து, ஓடைக்குப் பாலம் போட மரம் தருவதாகச் சொல்லியனுப்பினார். துரையும் சங்கமும் ஒரே பக்கத்தில் நின்றதை மஞ்சக்கல் தோட்டம் அன்றுதான் கண்டது.

மாஸ்டர் தல வரலாறு வாசித்தார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடிமுனி அந்தச் சரிவில் தானாக முளைத்து, மனித வாடையே இல்லாத வனத்தில் தவமிருந்தாராம். கொடியை நட்ட மகாலிங்கமே எழுந்து, அது தானாக முளைத்ததுதான் என்று சாட்சி சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பூரணி வாசலில் நின்றபடி கேட்டாள். "மனுச வாடையே இல்லைன்னா, கல்லைப் பொரட்டுனது யாருங்க சார்?"

"தங்கச்சி, அது ஒரு இலக்கிய நயத்துக்குச் சொல்லுறது" என்றார் மாஸ்டர்.

"கோயிலு எம்புட்டு எடம் பிடிக்கும்?"

"கோயில், மண்டபம், மடப்பள்ளி" என்றார் மகாலிங்கம். "அப்புறம் தேர் சுத்தி வரணுமில்ல, தங்கச்சி?"

"தேர் எங்கங்க இருக்கு?"

"வரும்."

"அந்தச் சாமிக்கு மொதக் கற்பூரம் ஏத்துனது நானுங்க."

"அதனாலதான் தங்கச்சி, புண்ணியமெல்லாம் ஒனக்குத்தான்" என்றார் செல்லசாமி.

"புண்ணியத்தை நீங்களே வச்சுக்கங்க அண்ணே. காட்டை விட்டுருங்க."

கூட்டம் சிரித்தது. செல்லசாமி சிரிக்கவில்லை. தலைவருக்குரிய குரலில் சொன்னார்: "சாமி சொத்துக்கு யாரும் குறுக்க நிக்கக் கூடாது. ஒம் புருஷன் காலுக்கோ, லயத்துக்கோ ஏதாச்சும் கெடுதல் வந்தா அதுக்குக் காரணம் நீதான், நாங்க இல்ல."

பூரணி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். மூக்கன் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் பேனாவை மூடினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திருப்பணி வேகமாக நடந்தது. தெய்வ காரியம் என்பதால் கூலி கேட்டவரில்லை. மண்ணை மட்டப்படுத்தும்போது கிழங்குகள் வெளியே வந்தன. எதுவும் வீணாகக் கூடாது என்று சபை கண்டிப்பாக இருந்தது. திறப்பு விழாவன்று அத்தனையும் அன்னதானத்தில் சேர்ந்தது. பெல்லமி துரை நாடாவை வெட்டினார். ஒலிபெருக்கியில் செல்லசாமி, பசித்தவருக்குப் படியளக்கும் தெய்வம் கொடிமுனி என்று அரைமணி நேரம் பேசினார். அதுவரை பசித்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

பூரணியும் நின்றாள். அவள் முறை வந்ததும் இலையை நீட்டி, "அவரால நடக்க முடியல. அவருக்கும் ஒரு பொட்டலம் குடுங்க" என்றாள்.

பரிமாறியவன் செல்லசாமியைப் பார்த்தான். அவர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். இலையில் விழுந்த கிழங்கை அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பிஞ்சு" என்றாள். "இன்னும் ஒரு மாசம் மண்ணுல கெடந்திருக்கணும்."

"நகரும்மா, பின்னால ஆளு நிக்குது" என்றது ஒலிபெருக்கி. அவள் நகர்ந்தாள்.

ஸ்பெயின்காரர்களைப் பற்றிக் கடுமையாக எழுதியிருப்பதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். அவர்கள் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. யாருடைய நிலத்தை எடுத்தார்களோ அந்த மக்களை அவர்களுக்கு முன்பின் தெரியாது. பேர் தெரியாது, பேச்சு விளங்காது. மஞ்சக்கல் திருப்பணிச் சபையார் பூரணியிடம் தமிழில்தான் பேசினார்கள். தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.